டைபாய்டு என்று எழுதித் தாருங்கள்

(பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒரு மனநல மருத்துவர் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

மாணவர்களிடம் பேசத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஆசிரியர்களிடம் பேசுகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'தைரியமா இருங்கப்பா' என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது எங்கள் ஓ.பி.க்கு ஒரு கூட்டம் வரும். பையன் தலை குனிந்து நிற்பான், பேசுவது அப்பா. "அட்டெண்டன்ஸ் 68 தான் சார் இருக்கு. மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தா கண்டொனேஷன் கிடைச்சிடும்." வருகை குறைந்தாலும் தேர்வு எழுத விடுகிற சலுகைதான் அது. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் மெல்ல வரும். இரண்டு மாதமாக விடியும்வரை தூக்கமில்லை. மெஸ்ஸுக்குப் போனால் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று அறையிலேயே பிஸ்கட் தின்று கிடந்திருக்கிறான். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு என்றாலே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மனச்சோர்வும் பதற்றமும் கைகோத்து வந்திருக்கின்றன. அதை அப்படியே எழுதப் போனால் அப்பா கும்பிடுகிறார்: "டைபாய்டுன்னு போட்டுக் குடுங்க சார். டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா பிளேஸ்மென்ட்ல கை வச்சிருவாங்க."

நான் அப்படி எழுதித் தருவதில்லை. ஆனால் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் பயப்படுவது நோய்க்கு அல்ல, நமக்கு.

சோம்பேறியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்பீர்கள். சோம்பேறி வகுப்பைத்தான் கட் அடிப்பான், கிரிக்கெட்டை அல்ல. மனச்சோர்வு வந்தவன் பிடித்ததையும் விட்டுவிடுவான். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். பிள்ளைகள் முன்னால் எழுப்பி நிறுத்தி அல்ல. "ஏன் லீவு?" என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும். "சாப்பிடுறியா, தூங்குறியா?" என்று கேட்டுப் பாருங்கள். சாக வேண்டும் போல் தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். 14416, டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். இலவசம்.

சிகிச்சையைப் பற்றி ஒன்றே ஒன்று. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். 'ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்' என்பது நல்லெண்ணம்தான். ஆனால் அவன் திரும்பி வரும்போது அசைன்மென்ட், ரெக்கார்டு, இன்டர்னல் மூன்றும் வாசலிலேயே காத்திருந்தால் மாத்திரை என்ன செய்யும், பாவம்?

முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போச்சு. இன்று உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது. 1986-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு அதற்காகக் குரல் கொடுத்தது. தோற்ற பிள்ளைக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், விதியை மாற்றச் சொன்னார்கள். விட்டுப்போன லேப்பைப் பிறகு செய்ய விடுவதும், இன்டர்னலுக்கு இன்னொரு தேதி தருவதும் உங்கள் கையில்தானே இருக்கிறது? அதற்குப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியதில்லை.

நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு மனநல ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே ஆள் போட்டாயிற்று என்று கல்லூரி முதல்வர் சொன்னார், மகிழ்ச்சி. வரும்போது அந்த அறையைப் பார்த்தேன். முதல்வர் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு, வெளியே பெரிய போர்டு. போகிறவனை அட்மின் பிளாக்கே பார்க்கும். சார், அதை நூலக மாடிக்கு மாற்றி, போர்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரே மதியத்தில் முடிகிற வேலை.

நன்றி, வணக்கம்.