பிடல் காஸ்ட்ரோ பிறவிப் புரட்சிக்காரரா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பிடல் வசதியான வீட்டுப் பிள்ளை, வக்கீல் என்கிறீர்கள். அப்படிப்பட்டவர் ஏன் துப்பாக்கி தூக்கினார்? பிறவிக் குணமா?"

இல்லை தம்பி. நம் ஏரியா சுவர்களில் சே படத்தைப் பார்த்துப் பார்த்து, இவர்களெல்லாம் தாடியோடும் துப்பாக்கியோடும்தான் பிறந்தார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. 1952-இல் பிடல் கியூபாவில் ஒரு வேட்பாளர், அவ்வளவுதான். ஜூனில் தேர்தல். மார்ச் 10 அன்று முன்னாள் அதிபர் பாடிஸ்டா ராணுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியைப் பிடித்தார், தேர்தலே போச்சு. அப்போதும் பிடல் போனது கோர்ட்டுக்கு. பாடிஸ்டா மீறிய சட்டங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் சிறை தர வேண்டும் என்று மனுப் போட்டார். எடுபடவில்லை. என்னைக் கேட்டால், அவரைத் திருப்பிவிட்டது அந்த மனுதான். ஓட்டும் இல்லை, கோர்ட்டும் இல்லை என்றால் வேறு எங்கே போவது?

அடுத்த வருஷம் ஜூலை 26-இல் மொன்காடா ராணுவ முகாமைத் தாக்கினார். படுதோல்வி. பிடிபட்ட பலரை அடித்தே கொன்றார்கள். பிடலுக்கு 15 வருஷம் தண்டனை. 1955-இல் பொதுமன்னிப்பில் வெளியே விட்டார்கள். பாடிஸ்டா போட்ட பெரிய தப்புக் கணக்கு அது. பிடல் மெக்சிகோ போனார். சே இந்தக் கதைக்குள் வருவதே அங்கேதான்.

அப்புறம், சண்டை போட கியூபாவுக்குத் திரும்பிய அந்தப் படகு, கிரான்மா. பத்துப் பன்னிரண்டு பேர் போகிற பழைய உல்லாசப் படகில் 82 பேர், கூடவே ஆயுதம், எரிபொருள். காசிமேட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழியில் ஒருவர் இருட்டில் கடலில் விழுந்துவிட, தேடித் தூக்கிய பிறகுதான் நகர்ந்தார்கள். அவர்களை நம்பி கியூபாவின் சாண்டியாகோ நகரில் நவம்பர் 30 அன்றே கிளர்ச்சி வெடித்துவிட்டது. இவர்கள் சதுப்புச் சேற்றில் இறங்கியதோ டிசம்பர் 2. மூன்றே நாளில் ராணுவம் சுற்றி வளைத்தது. மலை ஏறி மறுபடி ஒன்றுசேர்ந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர்.

1959 ஜனவரி 1 அன்று பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். இருபது பேர் மட்டும் சேர்ந்து அதைச் செய்துவிட முடியுமா? மலைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பியது நகரத்து இளைஞர்கள். அந்த சாண்டியாகோ கிளர்ச்சியை நடத்திய பிராங்க் பாயிஸ் ஒரு பள்ளி ஆசிரியர்; 1957-இல் போலீஸ் சுட்டுக் கொன்றபோது வயது 22. அவரையும் தேடிப் படியுங்கள் தம்பி.

சரி, அடுத்து கொருக்குப்பேட்டை அக்கா ஒருவரின் கேள்வி.