மஞ்சள் சட்டை கிடைக்காத பூப்பூ

நண்பர்களே, வணக்கம்.

பிரான்ஸில் ஒரு அரசியல்வாதி திரும்பத் திரும்ப இரண்டாவதாக வந்தால், "அரசியலின் பூலிடோர்" என்பார்கள். ஒரு சைக்கிள் வீரரின் பெயரே தோல்விக்குச் சொல்லாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜனங்கள் 'பூப்பூ' என்று செல்லமாகக் கூப்பிட்டது இவரைத்தான். பல நாள் ஓடும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்த ஜாக் ஆங்கெத்திலுக்கு மரியாதை கிடைத்தது. இந்தப் பாசம் கிடைக்கவில்லை.

ரேமோன் பூலிடோர் 1936-ல் க்ரெஸ் என்ற ஏழை மாவட்டத்தில், அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தார். 1960 முதல் 1977 வரை ஒரே அணி, மெர்சியே. டூரில் 14 முறை ஓட்டினார். அதில் மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். கணக்குப் பார்த்தால் 'நிரந்தர இரண்டாவது' என்ற பட்டமே தப்பு!

1964 டூருக்கு வருவோம். மொனாக்கோவில் அன்றைய ஓட்டம் வட்டத் தடத்தில் முடிகிறது. பூலிடோர் முழு மூச்சாகப் பாய்ந்து கோட்டைத் தாண்டுகிறார். ஆனால் இன்னும் ஒரு சுற்று பாக்கி. அந்தச் சுற்றில் ஆங்கெத்தில் ஜெயித்து, மொத்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக் கழிக்கும் போனஸையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் பூய் த டோம் என்ற அணைந்த எரிமலை. மலைச்சுவர் பக்கம் ஆங்கெத்தில், பள்ளத்தின் பக்கம் பூலிடோர். தோளோடு தோள் இடிக்க ஏறுகிறார்கள். அப்போது எடுத்த புகைப்படத்தைப் பார்த்தால் இருவரில் யார் களைத்தவர் என்றே தெரியாது. கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் ஆங்கெத்தில் பின்தங்கினார். அப்படியும், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை 14 வினாடி வித்தியாசத்தில் அவரிடமே தங்கியது. பாரிஸில் இறுதி வித்தியாசம் 55 வினாடி. மொனாக்கோவின் அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

தோற்றவர் என்று பரிதாபப்படத் தேவையில்லை. 1961-ல் மிலான்–சான் ரெமோ பந்தயம், 1964-ல் ஸ்பெயின் சுற்று, 35 வயதில் அந்தக் காலத்தின் பெரிய சாம்பியன் எடி மெர்க்ஸை முந்திப் பாரிஸ்–நீஸ் பந்தயம் எல்லாம் அவர் ஜெயித்தவை. 40 வயதிலும் டூரில் மூன்றாவதாக வந்தார். துரதிர்ஷ்டம் கூடக் கூட ரசிகர்களும் கூடினார்கள், வருமானமும் கூடியது என்று அவரே சொல்லியிருக்கிறார். விவசாயி வீட்டுப் பிள்ளை அல்லவா, கணக்கில் கெட்டி!

ஆனால் மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை. 1973-ல் முதல் நாள் ஓட்டத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அது கை நழுவியது. ஓய்வுக்குப் பிறகு, அந்தச் சட்டைக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் தூதராக ஒவ்வொரு ஜூலையும் மஞ்சள் நிறச் சட்டையில் வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

2019 நவம்பரில் காலமானார். 2021 ஜூனில் மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான் டெர் பூல், தன் முதல் டூரின் இரண்டாம் நாளே மூர் த பிரத்தாஞ் மேட்டில் ஜெயித்து மஞ்சள் சட்டையைப் பிடித்தார். கோட்டைத் தாண்டும்போது விரலை வானத்தை நோக்கி நீட்டினார். அப்புறம் பேட்டியில் பேச வராமல் அழுதார்.