கோடியக்காட்டில் ஒரு முழுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் நம் ஜனங்கள் கோடியக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் சின்ன வயதிலிருந்து போகிறேன். கடலில் முழுக்குப் போடுவோம், முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்போம், பஸ் ஏறிவிடுவோம். வழியில் கோடியக்காடு என்று ஒரு காடு வருமே, அதில் ஒருநாளும் இறங்கியதில்லை.

போன வருஷம் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து அவதிப்பட்டபோது என் மகள்தான் சொன்னாள்: “அப்பா, கொஞ்ச நேரம் காட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வாங்க.” ஜப்பானில் இதற்கு ‘ஷின்ரின் யோகு’ என்று பெயர். ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல். 1982-இல் அந்நாட்டு வனத்துறை வைத்த பெயர் இது. காட்டில் நிதானமாக நடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும், கார்டிசால் என்ற மன உளைச்சல் சுரப்பும் குறைந்ததாக அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை நான்; அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

“டெல்டாவில் காடு ஏது, வயல்தானே?” என்பீர்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: திருவெண்காடு, சாய்க்காடு, தலையாலங்காடு, கொள்ளிக்காடு. வேதாரண்யமே அந்தக் காலத்தில் திருமறைக்காடுதான். இன்று மிச்சமிருப்பது கடலோரத்தில்: முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயமாக இருக்கும் காடு.

கோடியக்கரையில் அன்று காலை ஒரு பாலை மரத்தடியில் உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் மனசு கரண்ட் பில்லையும் மோட்டார் ரிப்பேரையும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது சருகு மேல் ‘பொத்’தென்று ஏதோ விழுந்தது. பாலைப்பழம். கோடையில் வேதாரண்யம் கடைத்தெருவில் விற்பார்களே, தின்றால் உதடெல்லாம் பிசுபிசுக்குமே, அதேதான். மஞ்சளாக, விரல் நுனி அளவு. மோந்து பார்த்துவிட்டு, காட்டு உயிர்களுக்கானது என்று அங்கேயே வைத்தேன். அப்புறம்தான் காது திறந்தது. இலைகளில் காற்று, தூரத்தில் கடல், எங்கோ ஒரு செம்போத்து. மரங்களுக்கு அப்பால் வெளியில் ஒரு வெளிமான் நின்று என்னைப் பார்த்தது. நானும் அசையவில்லை. அது மறுபடி மேயத் தொடங்கியபோது என் நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்ததைக் கவனித்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் காட்டில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

முத்துப்பேட்டைக்குப் போனால் படகில்தான் போகவேண்டும். அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிற மரம் அது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவிடும் வேர்கள்.

போகிறவர்கள் வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் நேரத்தில் போங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். வேக நடையும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நூறு அடி நடந்தாலே போதும்.

வரும் தை அமாவாசைக்கு நானும் மகளும் முதல் பஸ்ஸில் போகிறோம். கடல் முழுக்கு முடிந்ததும் கோடியக்காட்டில் இறங்கிக்கொள்வதாக இருக்கிறோம். வணக்கம்.