நடக்கும் மிளகாய்த்தூள்

நேயர்களுக்கு வணக்கம். என்னை வழக்கமாக மாடு, ஆடு பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் குண்டூசித் தலையைவிடச் சின்னதான ஒரு ஜீவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோழிச் செள்ளு. சில ஊர்களில் இதையும் கோழிப்பேன் என்றே சொல்லிவிடுவார்கள்.

போன கோடையில் ஒரு அம்மா அடைக்கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்தார். 21 நாள் அடைகாக்க வேண்டிய கோழி, 14ஆம் நாளே முட்டையை விட்டு எழுந்துவிட்டதாம். "யாரோ கண்ணு போட்டுட்டாங்க டாக்டர்" என்றார். கோழியின் கொண்டை வெளுத்துக் கிடந்தது. இறகை விலக்கி விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கூடையில் முட்டைக்கு அடியில் கிடந்த வைக்கோலை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் உதறினேன். மிளகாய்த்தூள் கொட்டியது போல இருந்தது. ஆனால் அந்தத் தூள் நடந்தது. ஒன்றை விரலால் தேய்த்தேன், தாளில் ரத்தக்கோடு.

பேன் வேறு, செள்ளு வேறு. பேனுக்கு ஆறு கால், அது பூச்சி. முட்டையிடுவது முதல் சாவது வரை கோழியின் மேலேயே இருக்கும். வளர்ந்த செள்ளுக்கு எட்டுக் கால், உண்ணிக்கும் சிலந்திக்கும் சொந்தக்காரன். அந்தக் கூடையில் இருந்தது சிவப்புச் செள்ளு. இது பகலெல்லாம் கூண்டின் விரிசலிலும், பஞ்சாரத்தின் பின்னலிலும், கோழி உட்காரும் கம்பின் அடியிலும் பதுங்கிக் கிடக்கும். ராத்திரி விளக்கணைந்த பிறகுதான் ஏறிவந்து, அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. மற்ற கோழியாவது வேறு கிளையில் போய் அடையலாம். அடைக்கோழி எங்கே போகும்? முட்டைக்காகப் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும், முடியாமல் போனால் எழுந்துவிடும். பொரித்த குஞ்சுகள் இருந்தால் ரத்தம் வற்றியே செத்துப்போகும்.

நாம் செய்கிற தப்பு இங்கேதான். பகலில் கோழியைப் பிடித்து மருந்து தடவுகிறோம். கூட்டமெல்லாம் கூண்டில் இருக்கிறது. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போங்கள். ஒரு வெள்ளைத் துணியைக் கம்பின் அடியில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பகலிலேயே ஆசனவாயைச் சுற்றி இறகில் செள்ளு மொய்த்தால் அது வேறு வகை. கோழியின் மேலும் கூட்டிலும் வாழ்வது. அதற்குக் கோழியையும் கவனிக்க வேண்டும், கூட்டையும் கவனிக்க வேண்டும்.

கூட்டுக்கு என்ன செய்வது? பழைய வைக்கோலைக் கொளுத்திவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். கூடை, கம்பு எல்லாவற்றின் மேலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தால் சந்தெல்லாம் அடைபடும். பூச்சிமருந்து அடிப்பதானால் டாக்டர் சொன்ன அளவில், கோழிகளை வெளியே விட்டுவிட்டு, சந்து சந்தாக அடித்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் திரும்பவும் ஒருமுறை செய்ய வேண்டும். சூடான பருவத்தில் செள்ளு முட்டையிலிருந்து வளர்ந்து திரும்ப முட்டையிட ஒரு வாரம் போதும். முதல் தடவை தப்பிய செள்ளு முட்டைகள் அதற்குள் ஆளாகிவிடும். காலியாகப் போட்ட கூண்டு தானே சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். குளிர்ச்சியான இடத்தில் சிவப்புச் செள்ளு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

அடைக்கூடையில் நொச்சித்தழை போடுவதையும், சாம்பல் கலந்த மண்ணில் கோழியைப் புரள விடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். புழுதிக்குளியல் கோழியே கண்டுபிடித்த வைத்தியம். ஆனால் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். மாட்டுக்கு வாங்கிய உண்ணிமருந்தைக் கோழி மேல் கண்மண் தெரியாமல் ஊற்றுவதும் கூடாது. முட்டையில் இறங்கும், அந்த முட்டையை நம் வீட்டுப் பிள்ளைதான் சாப்பிடும்.

இன்னொரு வகை செதிலுக்குள் குடியிருக்கும். கால் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் இருக்கும். வயசான கோழி என்று விட்டுவிடுவார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, எண்ணெயோ வாசலினோ பூசிவாருங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள்.

நாய்ச்சொறியும் இந்தக் குடும்பத்து வேலைதான். காது மடலின் ஓரத்தைத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறியப் பார்க்கும், அது ஒரு நல்ல அடையாளம். அதற்குப் பழைய என்ஜின் ஆயில் தடவுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். நாய் அதை நக்கும். தடவுகிற ஆள் ஒரு சொட்டு நக்குவாரா?

கூண்டைச் சுத்தம் செய்கிறவருக்கும் கையில் அரிப்பு வரும். கோழிச் செள்ளு மனிதன் மேல் குடித்தனம் நடத்தாது. குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள், போதும்.

அந்த அம்மா அடுத்த முறை 12 முட்டை வைத்தார். இரண்டு கூமுட்டை, மீதி பத்தும் பொரித்தன. மூன்றாம் நாள் ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிவிட்டது. போன் செய்து, "பருந்துக்கு ஏதும் மருந்து வச்சிருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.