பின்கட்டைப் பார்க்காத அறிக்கை

நேயர்களுக்கு வணக்கம். வீடு, நிலம் என்ன விலை பெறும் என்று கணித்துச் சொல்லும் சொத்து மதிப்பீட்டாளர் நான். சில ஆண்டுகளுக்கு முன், தையல் வேலை செய்யும் ஓர் அம்மா ஒரு மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வீட்டுக் கடன் தவணை நின்றுபோய், வங்கி அவர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அறிக்கையில் தெருவிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். 'நேரில் பார்வையிடப்பட்டது, காலை 11 மணி' என்று எழுதி, மதிப்பீட்டாளர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார். "அன்றைக்கு முழுக்க வீட்டில்தான் தைத்துக்கொண்டிருந்தேன் ஐயா, ஒருவரும் கதவைத் தட்டவில்லை" என்றார் அந்த அம்மா.

நான் போய் டேப் பிடித்து அளந்தேன். முன்கட்டு, அறிக்கையில் கண்ட அளவுதான். கிணற்றடியைத் தாண்டினால் பின்கட்டு: இரண்டு அறைகள், ஒரு சமையலறை, 310 சதுரடி. தெருவில் நின்றால் தெரியாது. அறிக்கையிலும் இல்லை. ஏலத்தின் குறைந்தபட்ச விலையோ அந்த அறிக்கையை வைத்தே முடிவாகியிருந்தது.

என் தொழிலில் தவறு என்றால் விலையை ஏற்றிப் போடுவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கிறது. 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டை ஒப்பந்தத்திலும் அறிக்கையிலும் 75 லட்சம் என்று காட்டினால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கடன் என்ற வரம்புக்குள்ளேயே 60 லட்சமும் கடனாக வந்துவிடும். வாங்குகிறவர் கையிலிருந்து ஒரு ரூபாய் இறங்காது. அதில் அடிபடுவது வங்கி. ஏலத்தில் விலையைக் குறைத்துப் போட்டால் அடிபடுவது வீட்டை இழக்கும் குடும்பம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தவறு செய்யும் மதிப்பீட்டாளரைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா? கம்பெனிச் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கு, அந்தச் சட்டத்தின் கீழ் செய்யும் மதிப்பீட்டுக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 247ஆம் பிரிவு. அதன் கீழ் 2017இல் விதிகள் வந்தன. பட்டமும் அனுபவமும் உள்ளவர் 50 மணி நேர வகுப்பில் படித்து, தேர்வு எழுதித் தேறினால்தான் பதிவு. தனக்கு ஆதாயம் உள்ள சொத்தை அவர் மதிப்பிடக் கூடாது. தவறினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதிவை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தது உறுதியானால் ஓராண்டு வரை சிறை உண்டு. வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் அந்த அம்மா புகார் கொடுத்த பின் நடந்தது வேறு. வங்கி அந்த மதிப்பீட்டாளரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. மறு ஆண்டே இன்னொரு வங்கியின் கோப்பில் அதே முத்திரையைப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

காரணம் எளிது. கம்பெனிச் சட்டப் பதிவு ஓர் இடத்தில். 1957ஆம் ஆண்டின் செல்வவரிச் சட்டப்படி வருமான வரித்துறை வைத்திருக்கும் பதிவேடு இன்னோர் இடத்தில். செல்வவரியே போய்விட்ட பிறகும் அந்தப் பதிவேடு இருக்கிறது. வங்கிகளின் பட்டியல்களோ வங்கிக்கு ஒன்று. மோசடியில் சிக்கியவர்களின் பெயரை இந்திய வங்கிகள் சங்கம் மற்ற வங்கிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆனால் பார்க்காத வீட்டைப் பார்த்ததாக எழுதுவதை மோசடி என்று எழுதி அனுப்ப யாரும் முன்வருவதில்லை. எல்லா மதிப்பீட்டாளர்களையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர, 2020இல் நிபுணர் குழு ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அது சட்டமாக வேண்டும் என்று நான் போகும் கூட்டங்களில் எல்லாம் கேட்டு வருகிறேன்.

வீடு ஏலத்துக்கு வந்திருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மதிப்பீட்டு அறிக்கையின் நகலை வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பார்வையிட்ட தேதி, படங்கள், நாற்சீமை, கட்டடப் பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்தோடும் வீட்டோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிக்கு வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாட்களே அவகாசம். அந்த அம்மா என்னிடம் வந்தபோது அதில் 31 நாட்கள் போயிருந்தன.