அடிக்கடி போய்வரும் காதலர்களும் விசா விதிகளும்

நேயர்களுக்கு வணக்கம். ஒருவர் ஒரு நாட்டில், அவர் மனதுக்குப் பிடித்தவர் வேறொரு நாட்டில். இப்படி வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. அந்தப் பயணங்களுக்கான விசா விதிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இவர்களுடைய விண்ணப்பங்களைப் படித்துச் சரிபார்த்து அனுப்ப உதவுவது என் வேலை. ஒரு முடிவுக்காக இரண்டு பேர் இரண்டு ஊரில் தூக்கம் கெட்டுக் காத்திருப்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் யார்? கணவன் மனைவிக்குத் தனி விசா இருக்கிறது. மாணவருக்கு இருக்கிறது, வேலைக்குப் போகிறவருக்கு இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாமல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கூட இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கென்று பெரும்பாலான நாடுகளில் ஒரு விசாவும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு என்ன விதியோ அதேதான் இவருக்கும். 2020-இல் கொரோனா வந்து எல்லைகள் மூடியபோது இது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது. பல நாடுகள் கணவன் மனைவியை உள்ளே விட்டன, காதலர்களை விடவில்லை. ‘காதல் சுற்றுலா அல்ல’ என்ற முழக்கத்தோடு இணைகள் சமூக ஊடகங்களில் திரண்டார்கள். டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகள் மனம் இறங்கின. அப்போதும், ஏற்கெனவே நேரில் பழகியவர்கள்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். பழைய பாஸ்போர்ட் முத்திரைகளும் பயணச்சீட்டுகளும் அன்றைக்குக் கைகொடுத்தன.

அந்த முத்திரைகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரே பயண வரலாற்றை இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகப் படிப்பார்கள். வருகையாளர் விசாவைப் பார்க்கிற அதிகாரி, “இத்தனை தடவை வந்திருக்கிறாரே, இங்கேயே குடியிருக்கப் பார்க்கிறாரோ?” என்று யோசிப்பார். பிறகு ஒருநாள் துணைவர் விசாவைப் பரிசீலிக்கிற அதிகாரி, “இவ்வளவுதான் சந்தித்திருக்கிறார்களா? இந்த உறவு உண்மைதானா?” என்று கேட்பார். முதலாமவருக்குப் பயந்து போகாமலே இருந்தால் இரண்டாமவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. இந்த இருவருக்கும் ஒரேசமயத்தில் பதில் சொல்கிற மாதிரிதான் ஒவ்வொரு பயணமும் அமைய வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விசா எத்தனை காலம் செல்லும் என்பது வேறு, ஒரு தடவை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு, எத்தனை தடவை நுழையலாம் என்பது வேறு. பத்து வருட அமெரிக்க விசா கையில் இருக்கிறது என்றால், பத்து வருடம் அந்த நாட்டின் வாசல்வரை போய் உள்ளே விடும்படி கேட்கலாம் என்றுதான் பொருள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் நுழைவிடத்து அதிகாரி தீர்மானிக்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள், குறைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. விசாவில் இருக்கிற கடைசித் தேதியைத் திரும்ப வேண்டிய தேதி என்று நினைத்துத் தங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். அதிகமாகத் தங்கியது 180 நாளைத் தாண்டிவிட்டால் மூன்று வருடமும், ஒரு வருடத்தை எட்டிவிட்டால் பத்து வருடமும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரும். தூரத்தில் இருக்கிற இருவருக்கு அது எப்படிப்பட்ட இடி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் கணக்கு வேறு மாதிரி. ஒன்றுக்கொன்று எல்லைச் சோதனை இல்லாமல் 29 நாடுகள் சேர்ந்த பகுதி அது; நாள் கணக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். இது வருடத்தை இரண்டாகப் பிரித்துப் போடுகிற கணக்கு இல்லை. அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும், அன்றைய தினத்தையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். லீப் வருடம் இல்லாத ஒரு வருடத்தில் ஜனவரி 10-ஆம் தேதி போய் பிப்ரவரி 28-ஆம் தேதி திரும்புகிறீர்கள். 50 நாள் ஆயிற்று. மறுபடி மே 1-ஆம் தேதி போகிறீர்கள். மிச்சம் 40 நாள், அது ஜூன் 9-ஆம் தேதியோடு முடிகிறது. ஜூன் 10 அன்று அங்கே இருந்தால் 91-ஆவது நாள், விதிமீறல். அப்புறம் எப்போது போகலாம்? ஜூலை 9-ஆம் தேதி. அன்றைக்குத்தான் ஜனவரி 10 என்ற பழைய நாள் கணக்கை விட்டு வெளியேறுகிறது. அதிலிருந்து தினமும் ஒரு பழைய நாள் கழியும், ஒரு புதிய நாள் கிடைக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அதில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். முன்பு முத்திரை மங்கியிருந்தால் கணக்கில் வாதாட இடமிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையில் கணினியே நாள்களை எண்ணுகிறது.

ஷெங்கன் விசா எடுத்தே போக வேண்டியவர்களுக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 2020-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இரண்டு வருடத்துக்குள் மூன்று விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு ஒரு வருடப் பலமுறை நுழைவு விசா தர வேண்டும். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்து இரண்டு வருடம், அதற்கடுத்து ஐந்து வருடம். சில நாட்டவர்களுக்கு இதைவிடத் தாராளமான ஏற்பாடும் உண்டு. ஆக, நேரத்துக்குத் திரும்பிய ஒவ்வொரு பயணமும் அடுத்த விசாவுக்கான பரிந்துரைதான்.

பிரிட்டனில் வருடத்துக்கு மொத்தம் இத்தனை நாள் என்ற எண்ணே கிடையாது. ஒரு வருகைக்கு ஆறு மாதம்வரை என்பதுதான் எல்லை. “பன்னிரண்டு மாதத்தில் 180 நாள்” என்று பலரும் அடித்துச் சொல்வார்கள், அப்படி ஒரு விதி அங்கே இல்லை. அடுத்தடுத்த வருகைகள் மூலம் பிரிட்டனிலேயே வாழக் கூடாது, அதை முதன்மை வீடாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. இந்த மாதிரி விதியில் எண்ணிக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. கடைசியாக எப்போது வந்தார், எத்தனை நாள் இருந்தார், சொந்த நாட்டில் எவ்வளவு காலம் இருக்கிறார் என்று மொத்தமாகப் பார்த்துத்தான் அதிகாரி முடிவுக்கு வருவார். அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். உள்ளே இருந்த அளவுக்கு வெளியே இருந்தால் போதும் என்பது வாய்வழியாக வந்த யோசனை, சட்டம் இல்லை. நல்ல யோசனைதான், ஆனால் அதை அதிகாரியிடம் உரிமையாகக் கேட்க முடியாது. சில நாட்டவர்கள் விசா இல்லாமலே போகலாம் என்கிற விசா விலக்கில் 90 நாளுக்கு அமெரிக்கா போகிறவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு நடை போய்வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. அந்தப் பயணமும் பழைய 90-க்குள்ளேயே சேரும்.

இப்போது விமான நிலையக் கவுண்டருக்கு வருவோம். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறார். “யாரைப் பார்க்க வந்தீர்கள்? அவர் உங்களுக்கு என்ன வேண்டும்? எத்தனை நாள்? வேலையிலிருந்து எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள்?” இதையெல்லாம் சாதாரணமாகத்தான் கேட்பார். பதில் தடுமாறினால் தனி அறைக்கு அனுப்பிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். மூன்று வார விடுமுறை என்று சொன்னவரின் பெட்டியில் நான்கு பருவத்துக்கும் துணி, அசல் பட்டச் சான்றிதழ்கள், வேலை தேடும் பயோடேட்டா. அவர் வாய் திறக்கும் முன்னரே பெட்டி பேசிவிடும். சில நாடுகளில் கைப்பேசியையும் பார்க்கிறார்கள். “இந்தத் தடவை வந்தால் திரும்பிப் போகவே மாட்டேன்” என்று ஏக்கத்தில் அனுப்பிய ஒரு செய்தி, அந்த மேஜையில் வாக்குமூலமாக ஆகிவிடுகிறது.

அதனால் பலர் உறவையே மறைக்கிறார்கள். “நண்பரைப் பார்க்க வந்தேன்” என்கிறார்கள், ஓட்டலில் தங்குவதாகப் போலிப் பதிவு காட்டுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காதலர் இருப்பது எந்த விதியிலும் குற்றம் இல்லை. திரும்பிப் போகிற எண்ணம் இல்லாமல் இருப்பதுதான் அவர்களுடைய கவலை. பொய் சொல்லி மாட்டினால் அது தவறான தகவல் கொடுத்த குற்றமாகப் பதிவாகி, பின்னாளில் கல்யாணமே செய்துகொண்டாலும் துணைவர் விசாவின் குறுக்கே வந்து நிற்கும். உண்மையைச் சொல்லுங்கள், திரும்புவதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: லீவு முடியும் தேதி போட்ட அலுவலகக் கடிதம், வாடகை ஒப்பந்தம், படிப்பின் நடுவில் இருப்பதற்கான சான்று, திரும்பும் டிக்கெட். அழைக்கிறவர் எழுதும் கடிதத்திலும் உறவை மறைக்காமல் எழுதட்டும். இரண்டு பேரும் சொல்கிற தேதிகள் ஒத்துப்போக வேண்டும்.

கனடாவின் சட்டம் இதில் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருப்பதாக நான் நினைக்கிறேன். நிரந்தரமாகக் குடியேறுகிற விருப்பம் ஒருவருக்கு இருக்கிறது என்பதாலேயே தற்காலிக வருகையை மறுக்கக் கூடாது, அனுமதித்த காலத்துக்குள் அவர் வெளியேறுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால் போதும் என்று அங்கே சட்டப் பிரிவே இருக்கிறது. அமெரிக்காவில் நேர் எதிர். சுற்றுலா விசா கேட்கிற ஒவ்வொருவரும் குடியேற வருகிறவர் என்றுதான் சட்டம் முதலில் வைத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

சந்திப்புகளின் பதிவுகளை முதல் பயணத்திலிருந்தே சேர்த்துவையுங்கள். கணினி முறை வந்த இடங்களில் முத்திரை குத்துவதில்லை, ஆகவே போர்டிங் பாஸ் முக்கியமாகிறது. அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருக்கான கே-1 விசாவுக்கு, மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோவில் தினமும் பேசினோம் என்பது அதற்கு ஈடாகாது. அந்த விசாவில் போனால் 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். கனடாவில் கல்யாணம் ஆகாத இணையராக ஏற்க, பன்னிரண்டு மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். சட்டமோ துன்புறுத்தலோ குறுக்கே நின்று அப்படி வாழ முடியாமல் போனவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்கு நிகரான உறவு இருந்ததைக் காட்டினால் போதும். தூரத்தில் வாழ்கிற இணைகளுக்கு இது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் சாதாரண வருகையாளர் விசாவில் போய் பிரிட்டனில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, அதற்கென்று கல்யாண வருகை விசா தனியாக இருக்கிறது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் விசாக் கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொதுவாக உள்ளே இருந்துகொண்டு வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

வருகைகளுக்கு இடையே இருக்கிற இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, அங்கே இருக்கிற நாள்கள் வீட்டில் இருக்கிற நாள்களை நெருங்க ஆரம்பித்தால், துணைவர் விசாப் பக்கம் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு மேலும் வருகையாளர் விசாவை இழுத்துக்கொண்டே போனால் கவுண்டரில் மறுப்பு வரும். மறுப்பு வந்துவிட்டால் அதே காகிதங்களோடு அடுத்த வாரமே மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். மறுத்த கடிதத்தில் எந்த வரி காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறதோ அதற்குப் புதிய சான்று கிடைத்த பிறகு போடுங்கள். முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததா என்ற கேள்வி பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அங்கே “ஆம்” என்று எழுதி, தேதியையும் காரணத்தையும் இரண்டு வரியில் சேருங்கள். வணக்கம்.