வேகமும் கனமும்: பெட் ஸ்கேனரின் வளையத்துக்குள்

அவையோருக்கு வணக்கம்.

ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் என்று பள்ளியில் படித்தோம். அதையே நூறு கோடியால் வகுத்துப் பாருங்கள். ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் வரும். பள்ளிக்கூட அடிக்கோலின் நீளம், அவ்வளவுதான். உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனரைக் கட்டுகிறவர்கள் எந்நேரமும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு இது. இன்று நான் பேசப்போவது அந்தக் கருவியின் வளையத்தைப் பற்றி மட்டும். அந்த மருந்துக்கான கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரத்தைப் பற்றியோ, புற்றுநோயைப் படத்தில் எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியோ அல்ல.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்டிஜி என்பது குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் நுழையும் ஒரு மருந்து. அதில் கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 ஒட்டியிருக்கும். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். அது சிதையும்போது எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானை வெளியே தள்ளுகிறது. அந்தப் பாசிட்ரான் திசுவுக்குள் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரமே அலைந்து ஓர் எலக்ட்ரானோடு மோதும். இரண்டும் அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். உடலைச் சுற்றி நிற்கும் வளையத்தில் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அடி விழுந்தால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் எங்கோ மருந்து இருக்கிறது என்று பொருள். இதை உடனிகழ்வு என்கிறோம். கோடிக்கணக்கான கோடுகளைச் சேர்த்தால் படம்.

"ஒரே நேரத்தில்" என்றேன். எவ்வளவு ஒரே நேரத்தில்? கருவியின் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வளையத்தின் விட்டம் சுமார் 80 சென்டிமீட்டர். ஒரு விளிம்பருகே பிறந்த இணையில் ஒரு ஃபோட்டான் உடனே சேர்ந்துவிடும். மற்றது 80 சென்டிமீட்டர் கடக்க 2.7 நானோ நொடி எடுக்கும். ஆகவே அதைவிடச் சிறிய கால அளவுக்குள் இரண்டும் வந்தாக வேண்டும் என்று கட்டுப்பாடு போட முடியாது. அதற்கு மேல் கருவியின் சொந்தத் தடுமாற்றத்துக்கும் இடம் விட வேண்டும். பழைய கருவிகளில் அந்தக் காலச் சாளரம் 12 நானோ நொடிவரை இருந்தது. இப்போது 4 முதல் 5 நானோ நொடி.

சாளரம் அகலமாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? இரண்டு வெவ்வேறு அணுக்களிலிருந்து வந்த, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஃபோட்டான்கள் தற்செயலாக ஒன்றாக வந்து விழும். கருவி அதையும் ஓர் இணை என்றே எண்ணிக்கொள்ளும். இந்தத் தற்செயல் இணைகளின் எண்ணிக்கை, சாளரத்தின் அகலத்தையும் இரு பக்கமும் தனித்தனியாக விழும் எண்ணிக்கைகளையும் பெருக்கிய அளவுக்கு வளரும். மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் உண்மை இணைகள் இரண்டு மடங்காகும். பொய் இணைகள் நான்கு மடங்காகும். "படம் தெளிவாக இல்லை, இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம்" என்ற யோசனை ஓர் எல்லைக்கு மேல் படத்தைக் கெடுக்கவே செய்யும் என்பது இதனால்தான்.

ஃபோட்டானைப் பிடிப்பது ஒரு படிகம். காமா அதில் விழுந்தால் படிகம் மினுக்கென்று ஒளிரும். அந்த ஒளியை மின் துடிப்பாக மாற்றுவது ஒளிப்பெருக்கிக் குழாய். 1970களின் நடுவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டெர்-போகோசியன், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் ஆகியோர் கட்டிய கருவியில் இருந்தவை சோடியம் அயோடைடு படிகங்கள். அறுகோண வடிவில் 48. ஒளி நன்றாகத் தரும். ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும், காற்றுப் புகாமல் உறையிட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அது இலேசானது. ஒரு கன சென்டிமீட்டர் 3.67 கிராம்தான். 511 ஆற்றலுள்ள ஃபோட்டான் அதை எளிதில் துளைத்துக்கொண்டு போய்விடும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள சோடியம் அயோடைடு, வருகிற ஃபோட்டான்களில் பாதியை நிறுத்தும். பாதி கிடைத்தால் மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் நமக்கு இரண்டு ஃபோட்டானும் வேண்டும். பாதியில் பாதி, கால் பங்கு. அதே தடிமனில் பிஸ்மத் ஜெர்மனேட் 85 விழுக்காட்டை நிறுத்தும். இணையாகப் பார்த்தால் 73 விழுக்காடு. தனி ஃபோட்டானில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் இணையில் மூன்று மடங்காகிவிடுகிறது. பெட் கருவியில் திறன் எப்போதும் வர்க்கமாகத்தான் கணக்கில் வரும். சுருக்கமாகப் பிஜிஓ எனப்படும் இந்தப் பிஸ்மத் படிகம் 1970களின் இறுதியில் மொன்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தின் மூளைக் கருவியில் முதலில் இடம்பிடித்தது. பிறகு இருபது ஆண்டுகளுக்கு அதன் ஆட்சிதான்.

பிஜிஓ கனமானது, ஆனால் சோம்பேறி. ஒளிர்ந்து அணைய 300 நானோ நொடி எடுக்கும். 511 ஆற்றலுக்கு 4,000 சொச்சம் ஒளித்துகள்களே தரும். அந்தச் சில ஆயிரம் துகள்கள் 300 நானோ நொடியில் பரவி வரும்போது, அடி விழுந்த நேரத்தை நுட்பமாகச் சொல்ல முடியாது.

இதற்கிடையில் 1980களின் தொடக்கத்தில் சிலர் நேர் எதிர்த் திசையில் போனார்கள். வேகமான படிகம் இருந்தால், இரண்டு ஃபோட்டான்களில் எது எவ்வளவு முந்தி வந்தது என்றே அளந்துவிடலாம்; கோட்டின் மேல் மருந்து எங்கே இருந்தது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். பறப்பு நேர முறை என்று அதற்குப் பெயர். சீசியம் ஃபுளோரைடையும் பேரியம் ஃபுளோரைடையும் வைத்துக் கருவிகள் கட்டினார்கள். வேகம் கிடைத்தது. ஆனால் 2 சென்டிமீட்டர் பேரியம் ஃபுளோரைடு இணைகளில் மூன்றில் ஒன்றையே பிடிக்கும். நேரத்தில் சம்பாதித்ததை எண்ணிக்கையில் இழந்தார்கள். அந்த முயற்சி ஏறத்தாழ கைவிடப்பட்டது. யோசனை தவறல்ல, படிகம் போதவில்லை.

போதிய படிகம் வந்த இடம் வேடிக்கையானது. எண்ணெய்க் கிணறுகளுக்குள் கதிர் அளவிகளை இறக்கிப் பாறையை ஆராயும் ஷ்லம்பெர்ஜர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சார்லஸ் மெல்ச்சர் கண்டெடுத்தது லுட்டீசியம் ஆர்த்தோசிலிகேட், எல்எஸ்ஓ. கன சென்டிமீட்டருக்கு 7.4 கிராம், 40 நானோ நொடியில் அணைந்துவிடும், பிஜிஓவைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒளி. வேகமும் கனமும் ஒரே கல்லில் சேர்ந்தது அப்போதுதான். இட்ரியம் சேர்த்த அதன் தம்பி எல்ஒய்எஸ்ஓ இன்று பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது.

விலை மட்டும் கல்லாகக் கனக்கிறது. 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் பொருள் இது. அதைத் தாங்க இரிடியம் கொப்பரை வேண்டும். உருகிய குழம்பில் விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றியபடி மெதுவாக மேலே இழுத்து வளர்க்கிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. இயற்கை லுட்டீசியத்தில் 2.6 விழுக்காடு கதிரியக்கமுள்ள லுட்டீசியம்-176. ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 300 சிதைவுகள். ஆளே படுக்காத கருவியும் எண்ணிக்கொண்டே இருக்கும். அது வெளியிடும் காமாக்களில் முக்கியமானவை 202, 307 ஆற்றல் கொண்டவை. தனித்தனியே வந்தால் 435க்குக் கீழே இருப்பதைத் தள்ளும் ஆற்றல் சாளரமே அவற்றை வடிகட்டிவிடும். இரண்டும் ஒரே படிகத்தில் விழுந்தால் கூட்டுத்தொகை 509! இயற்கைக்கு இப்படியும் ஒரு குறும்பு. நல்லவேளையாக, மருத்துவமனையில் பயன்படுத்தும் மருந்தளவுக்கு முன்னால் இது பெரிதாகத் தெரியாது. மிகக் குறைந்த மருந்தில் படமெடுக்க முயலும்போதுதான் உறுத்தும்.

இனி வளையத்தைக் கட்டும் வேலை. ஒவ்வொரு படிகத்துக்கும் ஒரு குழாய் வைத்தால் கருவியின் விலை எட்டாத உயரத்துக்குப் போகும், இடமும் போதாது. 1980களின் நடுவில் மைக் கேசியும் ரான் நட்டும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே பிஜிஓ கட்டியில் வெவ்வேறு ஆழத்துக்கு வெட்டுகள் போட்டு, பின்னால் நான்கே குழாய்களை ஒட்டினார்கள். எந்தத் துண்டில் ஒளி பிறந்ததோ அதற்கேற்ப நான்கு குழாய்களுக்கும் ஒளி வெவ்வேறு விகிதத்தில் பங்காகும். விகிதத்தைப் பார்த்துத் துண்டைக் கண்டுபிடிக்கலாம். முதலில் 32 துண்டுகளுக்கு, பிறகு 64 துண்டுகளுக்கு 4 குழாய். பெட் ஸ்கேனர் ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்கு வந்ததற்கு, என் கணிப்பில், எல்எஸ்ஓவைவிட இந்த வெட்டுக் கட்டிதான் பெரிய காரணம்.

கட்டியைச் செய்தவுடன் சீரான கதிர்மூலத்தை முன்னால் வைத்து ஒரு வரைபடம் எடுப்பார்கள். 64 புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஓரத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரதிபலிப்புத் தாள் சரியாக அமரவில்லை, அல்லது படிகத்துக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள ஒளிப்பசையில் காற்றுக் குமிழி இருக்கிறது என்று பொருள். குமிழியை மென்பொருளால் சரிசெய்யலாம் என்று விட்டுவிடக் கூடாது. ஒளி அங்கே தொலைந்துவிட்டது, திரும்பி வராது. பிறகு ஒவ்வொரு படிகத்துக்கும் 511 எந்த இடத்தில் விழுகிறது என்று ஆற்றல் திருத்தம். அதன்பின் நேரத் திருத்தம். ஒரு கம்பி 20 சென்டிமீட்டர் நீண்டிருந்தாலே ஏறத்தாழ ஒரு நானோ நொடி தப்பிவிடும். கடைசியாக, வளையத்தின் எல்லா இணைகளும் சமமாக எண்ணும்படி ஒரு சமன்செய்யும் அட்டவணை.

இப்போது குழாய்களின் இடத்தைச் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் பிடித்துவிட்டன. சில மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லுகள். காந்தப்புலத்துக்கு அஞ்சாதவை, அதனால் எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே பெட் வளையத்தை வைக்க முடிகிறது. ஆனால் சூடு ஆகாது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அவற்றின் முறிவு மின்னழுத்தம் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் நகரும்; பெருக்கம் குறையும்; 511 இருக்க வேண்டிய இடம் கீழே இறங்கும்; நல்ல ஃபோட்டானே சாளரத்துக்கு வெளியே தள்ளப்படும். குளிர்நீர்க் குழாயும் வெப்ப உணரியும் இல்லாமல் இந்தக் கருவி இல்லை. காலையில் ஜெர்மேனியம்-68 உருளையை வைத்துச் சோதிக்கும்போது சைனோகிராமில், அதாவது கோடுகளைக் கோணவாரியாக அடுக்கிய வரைபடத்தில், குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை ஓடினால், வளையத்தில் எங்கோ ஒரு படிகக் கட்டி செத்திருக்கிறது. அதே சோதனை அறையில் பலர் மறக்கும் ஒன்று, சாதாரணச் சுவர்க் கடிகாரம். மருந்தை அளந்த அறைக் கடிகாரமும் ஸ்கேனர்க் கடிகாரமும் 11 நிமிடம் வேறுபட்டால், ஃபுளோரின்-18இல் அளவு 7 விழுக்காடு பிசகும். பிக்கோ நொடிக்கு, அதாவது நானோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போராடிக் கட்டிய கருவியை நிமிட முள் கவிழ்த்துவிடும்.

உடலும் தன் பங்குக்குக் கதிரை விழுங்குகிறது. 30 சென்டிமீட்டர் பருமனுள்ள வயிற்றைக் கடந்து இரண்டு ஃபோட்டானும் தப்பி வருவது 18 இணைகளில் ஒன்றுதான். இதில் ஓர் அழகு உண்டு. அந்தக் கோட்டில் மருந்து முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் இழப்பு ஒன்றே, ஏனென்றால் இரண்டு ஃபோட்டானும் சேர்ந்து கடக்கும் மொத்தப் பருமன் மாறுவதில்லை. எனவே உடலின் அடர்த்தி தெரிந்தால் துல்லியமாகத் திருத்தலாம். முன்பு இதற்குக் கதிர்க்கோலை உடலைச் சுற்றி ஓட்டிப் பல நிமிடங்கள் அளந்தார்கள். 1998இல் டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சிடி ஸ்கேனரையும் பெட்டையும் ஒரே உறைக்குள் வைத்தபின் அது நொடிகளில் முடிந்தது. கூடவே புதிய பிழைகளும் வந்தன. சிடி ஒரு மூச்சில் எடுக்கப்படுகிறது, பெட் பல நிமிட மூச்சுகளில். உதரவிதானம் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருந்தால், நுரையீரலின் அடியில் வாழைப்பழம்போல வளைந்த வெள்ளை இடைவெளி தோன்றும். உலோக இடுப்பு மூட்டைச் சுற்றி இல்லாத சூடான இடம் தெரியும். சந்தேகம் வந்தால் திருத்தம் செய்யாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் தெரிந்தால் அது திருத்தத்தால் வந்த பிழையல்ல.

கைவிட்ட பறப்பு நேர முறை எல்எஸ்ஓ குடும்பத்தோடு திரும்பி வந்தது. 2006இல் பிலிப்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி 600 பிக்கோ நொடி அளவில் இருந்தது. நேரத் தடுமாற்றத்தை ஒளிவேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இடத் தடுமாற்றம்: 600க்கு 9 சென்டிமீட்டர். 2018இல் சீமென்ஸின் ஒரு கருவி 214 பிக்கோ நொடியை எட்டியது, 3.2 சென்டிமீட்டர். உடலிலுள்ள நோய்க் கட்டியின் இடத்தைக் காட்ட இது மட்டும் போதாதுதான். ஆனால் 40 சென்டிமீட்டர் உடல் முழுவதும் பரப்பிவிட வேண்டிய இரைச்சலை 3 சென்டிமீட்டருக்குள் அடக்குகிறது. பருமனான நோயாளிக்குத்தான் இதில் ஆதாயம் அதிகம். படம் எப்போதும் மோசமாக வருவதும் அவர்களுக்குத்தானே.

அதே 2018இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சைமன் செர்ரியும் ராம்சி பதாவியும் வழிநடத்திய எக்ஸ்புளோரர் என்ற முழு உடல் பெட் கருவி முதல் மனிதப் படங்களைத் தந்தது. 194 சென்டிமீட்டர் நீள வளையம், 5,64,480 படிகங்கள். வழக்கமான 20, 25 சென்டிமீட்டர் வளையம் உடலிலிருந்து புறப்படும் இணைகளில் ஒரு விழுக்காட்டைக்கூடப் பிடிப்பதில்லை. முழு உடலையும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது ஏறத்தாழ 40 மடங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. மருந்தைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், ஊசி போட்ட கணத்திலிருந்து மருந்து இதயம், சிறுநீரகம் என்று நகர்வதைப் பார்க்கலாம். படிகத்தின் விலைதான் இங்கே கணக்கை முடிக்கிறது.

2021இல் இன்னொரு செய்தி வந்தது. டேவிஸ் குழுவும் ஜப்பானின் ஹமாமட்சு நிறுவன ஆய்வாளர்களும் 32 பிக்கோ நொடியை எட்டி, கோடுகளிலிருந்து படத்தைக் கணக்கிடும் கணினி மீட்டுருவாக்கமே இல்லாமல் படம் எடுத்துக் காட்டினார்கள். இடத் தடுமாற்றம் 4.8 மில்லிமீட்டர். நேர வித்தியாசத்திலிருந்து தெரியும் மருந்தின் இடத்தை நேரடியாகப் புள்ளியாக வைத்தாலே படம் வந்துவிடும். அவர்கள் நம்பியது மினுக்கொளியை அல்ல. ஊடகத்தில் ஒளியைவிட வேகமாக ஓடும் எலக்ட்ரான் உடனடியாக விடும் செரன்கோவ் ஒளியை. 511 ஆற்றலுக்கு அது கைவிரலால் எண்ணும் அளவுதான் கிடைக்கும். அதையும் பிடிக்க, ஒளிக்கருவியின் சாளரத்தையே ஈயம் கலந்த மெல்லிய கண்ணாடியாகச் செய்தார்கள். மெல்லியது என்பதால் பெரும்பாலான ஃபோட்டான்கள் துளைத்துக்கொண்டு போய்விடுகின்றன. பதிகிற சிலவற்றையும் வர்க்கத்தில் கணக்கிட வேண்டும். பேரியம் ஃபுளோரைடு நின்றுபோன அதே இடத்தில்தான் இப்போது இது நிற்கிறது: வேகம் கைக்கு வந்துவிட்டது, கனமான படிகத்தில் அந்த வேகம் இன்னும் வரவில்லை.